நத்தம் பஸ்ஸில் 13,000 இதழ்கள்

பல்கலைக்கழக நூலகத்தில் முப்பது வருடம் புத்தகத் தூசி தின்றவன் நான் என்று போன இதழில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதுதான் வினை. மாங்காய் விலை கேட்டு வரும் கடிதங்கள் நின்றுபோய், ஆய்வு மாணவர்களின் கடிதங்கள் குவிந்துவிட்டன. ஆகவே இந்த முறை முழுக்க அவர்களுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும்.

நத்தத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்துதான் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். சாயங்கால பஸ்ஸை விட்டால் வீடு சேர இருட்டிவிடும். நூலகத்தில் உட்கார எனக்கு நேரம் ஏது?
— ஆய்வு மாணவி, செந்துறை

நூலகத்தில் உட்கார வேண்டாம் அம்மா, பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் போதும். உங்கள் பல்கலைக்கழகத்துக்குத் திறந்திருக்கும் ஆய்விதழ்களை வளாகத்துக்கு வெளியே இருந்தும் படிக்க 'இன்ஃபெட்' என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்துவது. உங்கள் நிறுவனம் அதில் சேர்ந்திருந்தால், நூலகரிடம் ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வாங்கிக்கொள்ளுங்கள். இதழின் தளத்தில் 'நிறுவனம் வழியாக உள்ளே வா' என்ற பொருளில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தி உங்கள் நிறுவனத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் கதவு திறக்கும்.

ஆய்வில் சேர்ந்த முதல் வாரத்தில் வாங்க வேண்டிய கடவுச்சொல்லை, ஆய்வேட்டை ஒப்படைக்கும் வாரத்தில் வாங்க வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வந்ததற்கு நன்றி சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

'ஒரே நாடு ஒரே சந்தா' என்பது தேர்தல் முழக்கமா, திட்டமா?
— பி.எஸ்சி. மாணவர், நத்தம்

திட்டம்தான் தம்பி. 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. எல்சிவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி உள்ளிட்ட 30 வெளியீட்டு நிறுவனங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300க்கும் மேற்பட்ட அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டன. மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய்.

முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாகப் பேரம் பேசும். வசதி உள்ளவர்கள் வாங்குவார்கள், இல்லாதவர்கள் அட்டைப்படத்தைப் பார்த்துக்கொள்வார்கள். இப்போது ஊர் கூடித் தேர் இழுக்கிறது.

அந்த 6,000 கோடியில் என் வரிப்பணமும் இருக்கிறது. மாந்தோப்பு வைத்திருக்கும் எனக்கு அதில் என்ன கிடைக்கும்?
— விவசாயி, பரளி

நியாயமான கேள்வி ஐயா. முதலில் கணக்கு. மூன்று வருடத்துக்கு 6,000 கோடி என்றால் வருடத்துக்கு 2,000 கோடி. பயன்பெறுவோர் 1 கோடியே 80 லட்சம் பேர் என்று அரசு சொல்கிறது. ஆளுக்கு வருடத்துக்குச் சுமார் 1,100 ரூபாய் விழுகிறது. கட்டணம் கட்டி ஒற்றைக் கட்டுரையைப் படிக்கப் போனால் அதுவே 30 டாலருக்கு மேல் கேட்கும். ஒரே ஒரு கட்டுரை படித்தாலே முதல் தேறிவிடும்.

இனி உங்கள் தோப்புக்கு வருகிறேன். பழ ஈயைப் பிடிக்க மரத்தில் ஒரு பொறி தொங்கவிடுகிறீர்களே, அதற்குள் இருக்கும் மருந்து மெத்தில் யூஜினால். அது பிறந்த கதை தெரியுமா? பீகாரில் பூசா என்ற ஊரில் இருந்த வேளாண் ஆய்வு நிலையத்தில் ஹௌலெட் என்ற ஆங்கிலேயப் பூச்சியியலாளர் வேலை பார்த்தார். அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் கொசு அண்டாமல் இருக்கக் கைக்குட்டையில் சிட்ரோனெல்லா எண்ணெய் தடவிக்கொண்டார். கொசு போனதோ இல்லையோ, பழ ஈக்கள் வந்து மொய்த்துவிட்டன. வேறு யாராக இருந்தாலும் கைக்குட்டையை உதறியிருப்பார்கள். ஹௌலெட் ஏன் என்று பார்த்தார். வந்தவை அத்தனையும் ஆண் ஈக்கள். 1912இல் லண்டன் பூச்சியியல் சங்கத்தின் இதழில் எழுதிவைத்தார். ஈக்களை இழுத்த பொருள் மெத்தில் யூஜினால் என்பதையும் சில வருடங்களில் கண்டுபிடித்தார்.

அந்தக் கட்டுரையை யாரோ ஒரு நூலகர் அடுக்கி வைத்தார், பின்னால் யாரோ ஒரு ஆய்வாளர் தேடி எடுத்தார். அதனால்தான் இன்றைக்கு உங்கள் செந்தூரம் புழு இல்லாமல் சந்தைக்குப் போகிறது. உங்கள் வரிப்பணத்துக்கு வட்டி இப்படித்தான் வரும், கொஞ்சம் தாமதமாக.

நாங்கள் தனியார் சுயநிதிக் கல்லூரி. கட்டுரையைத் திறந்தால் 'பணம் கட்டு' என்கிறது. மாரியம்மன் கோயில் கழுமரம் ஏறுவதுபோல ஏறி ஏறி வழுக்குகிறேன்.
— வேதியியல் பேராசிரியர், சாணார்பட்டி

கழுமரத்தில் எண்ணெய் தடவியிருப்பது தெரிந்துதானே ஏறுகிறார்கள்? இங்கேயும் அப்படித்தான். அந்தச் சந்தாத் திட்டம் தொடங்கியது அரசு நிறுவனங்களுக்கு. உங்களைப் போன்றவர்களுக்குப் பக்கத்திலேயே நான்கு ஏணிகள் சாத்திவைக்கப்பட்டிருக்கின்றன.

ஒன்று, 'அன்பேவால்'. இலவசமாகக் கிடைக்கும் சின்ன மென்பொருள் இணைப்பு. கணினி உலாவியில் போட்டுக்கொண்டால், நீங்கள் திறக்கும் கட்டுரைக்குச் சட்டப்படி இலவசப் பிரதி வேறு எங்காவது இருக்கிறதா என்று அதுவே தேடிச் சொல்லும்.

இரண்டு, கூகுள் ஸ்காலரில் கட்டுரைத் தலைப்புக்குக் கீழே 'எல்லாப் பதிப்புகளும்' என்று ஒரு சிறிய இணைப்பு இருக்கும். நிறையப் பேர் கண்ணில் படுவதே இல்லை.

மூன்று, ஆர்க்கைவ், பப்மெட் சென்ட்ரல் போன்ற திறந்த களஞ்சியங்கள். இயற்பியலாளர் பால் கின்ஸ்பார்க் 1991இல் ஆர்க்கைவைத் தொடங்கியபோது, தெரிந்த சில நூறு பேர் கட்டுரைகளைப் பரிமாறிக்கொள்ளத்தான் தொடங்கினார். இன்று ஏராளமான இயற்பியல் கட்டுரைகள் அங்கேதான் முதலில் வெளிவருகின்றன.

நான்கு, கட்டுரை எழுதியவருக்கே ஒரு மின்னஞ்சல். எங்கள் காலத்தில் 'ரீபிரிண்ட் அனுப்பவும்' என்று அச்சடித்த அட்டையைத் தபாலில் போட்டுவிட்டு மாதக்கணக்கில் வாசலைப் பார்த்திருப்போம். இப்போது மறுநாளே வந்துவிடுகிறது. தம் கட்டுரையை ஒருவர் கேட்டுப் படிக்கிறார் என்றால் விஞ்ஞானிக்கும் சந்தோஷம்தான். கேட்பவர்கள் குறைவு.

கூகுளில் தட்டினால் எல்லாமே வருகிறதே, பிறகு நூலகர் எதற்கு?
— எம்.எஸ்சி. மாணவர், கோபால்பட்டி

எல்லாமே வருகிறதே, அதற்குத்தான்.

தேடத் தெரியவில்லை என்று என் நெறியாளர் திட்டுகிறார். மாமரம் பற்றி ஆய்வு. தேடினால் துணிக்கடை வருகிறது.
— ஆய்வு மாணவர், வேம்பார்பட்டி

'மேங்கோ' என்று தட்டியிருப்பீர்கள். அது ஸ்பெயின் நாட்டு உடுப்புக் கடை. தாவரத்தை அதன் அறிவியல் பெயரால் கூப்பிடுங்கள்: மேஞ்சிஃபெரா இண்டிகா. முதல் பாதியில் இருப்பது நம் 'மாங்காய்' போர்த்துக்கீசியர் வாயில் 'மங்கா' ஆகி ஐரோப்பா போனதுதான். நம் சொல் சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது, அடையாளம் தெரியாமல் நிற்கிறோம்.

அடுத்தது இணைப்புச் சொற்கள். 'அண்ட்' போட்டால் இரண்டும் இருக்கிற கட்டுரை மட்டும் வரும், பட்டியல் சுருங்கும். 'ஆர்' போட்டால் இரண்டில் ஒன்று இருந்தாலும் வரும், பட்டியல் விரியும். 'நாட்' போட்டால் வேண்டாததைத் தள்ளும். சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் போட்டால் பிரியாமல் தேடும். ஜார்ஜ் பூல் என்ற கணித மேதை 1854இல் எழுதிவைத்த தர்க்கம். நம் ஊர் மாம்பழ வழியில் சொன்னால்: கல்லாமையும் வேண்டும் காசாவும் வேண்டும் என்றால் 'அண்ட்', கல்லாமையோ காசாவோ எது கிடைத்தாலும் சரி என்றால் 'ஆர்', புளித்தது வேண்டாம் என்றால் 'நாட்'.

மூன்றாவது ரகசியம் எந்தக் கையேட்டிலும் இருக்காது: பழைய எழுத்துக்கூட்டல். வெள்ளைக்காரர் காலத்துக் கட்டுரைகளில் மதுரை 'மதுரா', திருச்சி 'ட்ரிச்சினோபோலி', பழனி மலை 'பல்னி' அல்லது 'புல்னி'. சிறுமலையிலும் கீழ்ப்பழனி மலையிலும் வாழையைப் பாடாய்ப் படுத்திய முடிக்கொத்து நோயைத் தேடுகிறவர் 'பழனி' என்று மட்டும் தேடினால் பாதி இலக்கியம் கைநழுவிப்போகும். நோயின் ஆங்கிலப் பெயர், வைரஸின் பெயர், அதைப் பரப்பும் அசுவினியின் அறிவியல் பெயர், ஊரின் பழைய பெயர் என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு கணினியைத் தொடுங்கள். அந்தத் தாளைப் போட நூலகர் அரை மணி நேரம் உதவுவார். அந்த அரை மணி உங்களுக்கு ஆறு மாதத்தை மிச்சம் பிடித்துக் கொடுக்கும்.

நூலகத்தில் பேசக்கூடாது என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். பிறகு நூலகரிடம் எப்படிக் கேட்பது?
— ஆய்வு மாணவி, நத்தம்

மெதுவாக.

எங்கள் நிறுவனத்தில் வருடத்துக்கு ஒரு நூலகப் பயிற்சி நடக்கிறது. ஒரு பொன்னாடை, ஒரு குரூப் போட்டோ, ஒரு வடை. இதுதான் பயிற்சியா?
— பெயர் வேண்டாம், திண்டுக்கல்

வடை நன்றாக இருந்ததா என்று எழுதவில்லையே!

பயிற்சி என்பது உங்கள் தலைப்பில், உங்கள் மடிக்கணினியில், உங்கள் கையால் தேடுவது. மேடையில் ஒருவர் தேட, கீழே எண்பது பேர் கொட்டாவி விட்டால் அது கச்சேரி. முனைவர் பட்டத்தில் சேருகிறவர்களுக்கு 'ஆய்வும் வெளியீட்டு அறமும்' என்ற பாடத்தை யு.ஜி.சி. கட்டாயமாக்கியிருக்கிறது. 30 மணி நேரம், 2 கிரெடிட். போலி இதழ்களை இனம்காண்பது, திறந்தமுறை வெளியீடு, தரவுத்தளங்கள், மேற்கோள் அளவீடுகள், கருத்துத் திருட்டைக் கண்டறியும் மென்பொருள் எல்லாம் அதில் உண்டு. பாதிக்கு மேல் நூலகரின் பாடம்தான்.

அந்த 30 மணி நேரத்தைக் கையெழுத்து மட்டும் போட்டு முடிக்கும் இடங்களும் இருக்கலாம். உங்கள் இடம் அப்படியென்றால் ஐந்து பேராகச் சேர்ந்து நூலகரிடம் போய், 'எங்கள் ஐந்து தலைப்புக்கும் ஒரு மதியம் ஒதுக்குங்கள்' என்று கேளுங்கள். பொன்னாடை வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். வடையை மறுக்க வேண்டியதில்லை.

நூலகவியல் என்கிறார்கள். புத்தகம் அடுக்குவதில் என்ன இயல்?
— இயற்பியல் முதுகலை மாணவர், சிறுகுடி

இதே சந்தேகம் சீர்காழியில் பிறந்த ஒரு கணக்கு வாத்தியாருக்கும் இருந்தது. எஸ்.ஆர். ரங்கநாதன், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக நியமிக்கப்பட்டார். போன சில நாளிலேயே சலித்துவிட்டது. ஆள் வராத இடத்தில் என்ன செய்வது? திரும்ப மாநிலக் கல்லூரிக்கே கணக்கு நடத்த விடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். முதலில் லண்டன் போய்ப் படித்துவிட்டு வா, பிறகும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று அனுப்பினார்கள்.

அங்கே செல்ஃப்ரிட்ஜஸ் என்ற பெரிய கடையில் 'மெக்கானோ' என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். அதே சில துண்டுகளை மாற்றி மாட்டி விதவிதமான பொம்மை செய்தார்கள். அறிவையும் இப்படித் துண்டுகளாக்கி மாற்றி மாட்டினால் எந்தப் புதுப் பொருளுக்கும் ஓர் எண் கொடுக்கலாமே என்று பொறி தட்டியது. அதுதான் 1933இல் வந்த கோலன் பகுப்புமுறை. இரண்டு வருடம் முன்னால், 1931இல், நூலகவியலின் ஐந்து விதிகளை எழுதியிருந்தார். நூல்கள் பயன்படுவதற்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து, நூலகம் வளரும் உயிர்.

நியூட்டனுக்கு மூன்று விதிதான் இருந்தது. எண்ணிக்கையில் எங்கள் ஆள் ஜெயித்துவிட்டார்.

ஆய்வேட்டில் எத்தனை சதவீதம் வரை காப்பி அடிக்கலாம்?
— ஆய்வு மாணவர், உலுப்பகுடி

எத்தனை ரூபாய் வரை பிக்பாக்கெட் அடிக்கலாம் என்று காவல் நிலையத்தில் கேட்பீர்களா?

யு.ஜி.சி.யின் 2018ஆம் ஆண்டு விதிமுறை இதுதான்: ஒற்றுமை 10 சதவீதம் வரை என்றால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தி ஒப்படைக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் திருத்திய பிரதியைக் கொடுக்கவே ஒரு வருடம் தடை. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. மேற்கோள் காட்டி எடுத்தாண்ட பகுதி, நூற்பட்டியல் போன்றவை கணக்கில் வராது.

இன்னொன்றைக் கவனியுங்கள். மென்பொருள் காட்டுவது சொல் ஒற்றுமையை. திருட்டு எது, மேற்கோள் எது என்று அதற்குத் தெரியாது. அறிக்கையை நூலகரோடு உட்கார்ந்து வரிவரியாகப் பாருங்கள். சொல்லை மாற்றிப் போட்டு 9 சதவீதத்துக்கு இறக்கித் தருகிறேன் என்று கடை விரித்திருப்பவர்களிடம் போகாதீர்கள். 9 சதவீதத் திருட்டும் திருட்டுதான்.

'இதுவரை யாருமே செய்யாத தலைப்பு' என்று என் நெறியாளர் ஒரு தலைப்புக் கொடுத்திருக்கிறார். நம்பலாமா?
— ஆய்வு மாணவி, கோசுகுறிச்சி

நெறியாளரை நம்புங்கள், 'சோத்கங்கா'வில் ஒரு முறை முழுகிவிட்டு நம்புங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் ஐந்து லட்சத்துக்கும் மேல் அதில் இருக்கின்றன, யாரும் இலவசமாகப் படிக்கலாம். வேளாண் ஆய்வேடுகளுக்கு 'கிருஷிகோஷ்' தனி. யாருமே செய்யாத தலைப்பு என்று உறுதியானால் கூடவே இன்னொரு கேள்வியும் கேட்டுக்கொள்ளுங்கள்: ஏன் யாரும் செய்யவில்லை?

சாட்ஜிபிடி இரண்டே நிமிடத்தில் நூற்பட்டியல் போட்டுக் கொடுக்கிறது. எழுதியவர் பெயர், இதழ், பக்க எண் எல்லாம் கச்சிதம்.
— ஆய்வு மாணவர், திண்டுக்கல்

கச்சிதமாக இருப்பதுதான் வம்பு. இல்லாத கட்டுரைக்கும் பக்க எண் போட்டுத் தரும் தாராள மனசு அதற்கு. 2023இல் நியூயார்க் வழக்கறிஞர்கள் இருவர் அது சொன்ன தீர்ப்புகளை அப்படியே நீதிமன்றத்தில் காட்டினார்கள். தீர்ப்புகளில் சில இந்த உலகத்திலேயே இல்லை. 5,000 டாலர் அபராதம் மட்டும் நிஜம்.

கட்டுரைக்கு டி.ஓ.ஐ. என்று ஓர் எண் உண்டு, நிலத்துக்குப் பட்டா எண் மாதிரி. அதைப் போட்டுப் பாருங்கள், கட்டுரை திறக்க வேண்டும். திறந்தால் மட்டும் போதாது, படிக்கவும் வேண்டும். படிக்காத கட்டுரையை மேற்கோள் காட்டுவது, போகாத கல்யாணத்துக்கு மொய் எழுதுவது.

நூற்பட்டியலைக் கையால் தட்டச்சு செய்தே கண் போய்விட்டது. ஒரு கமா தப்பினால் திருப்பி அனுப்புகிறார்கள்.
— ஆய்வு மாணவி, சமுத்திராபட்டி

'ஸோட்டெரோ' என்ற மென்பொருளைப் போடுங்கள். இலவசம். ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2006இல் கொண்டுவந்தது. கட்டுரையை ஒரு சொடுக்கில் சேமிக்கும், எந்த இதழின் பாணி கேட்டாலும் கமா, புள்ளி தப்பாமல் பட்டியல் போடும். நீங்கள் சேர்த்த கட்டுரை பின்னாளில் திரும்பப் பெறப்பட்டிருந்தால் சிவப்பில் எச்சரிக்கவும் செய்யும். கற்றுக்கொள்ள ஒரு மதியம் போதும். ஆய்வின் முதல் வருடத்தில் அந்த மதியம் வரட்டும்.

மூன்றே நாளில் பிரசுரம், சலுகை விலை என்று மின்னஞ்சல் வருகிறது. கூடவே 'மரியாதைக்குரிய பேராசிரியரே' என்கிறார்கள். நான் இன்னும் முதலாண்டு மாணவர்தான்.
— ஆய்வு மாணவர், நத்தம்

பதவி உயர்வுக்கு வாழ்த்து. ஆனால் மின்னஞ்சலை அழித்துவிடுங்கள்.

நல்ல இதழில் ஒரு கட்டுரையை வல்லுநர்கள் படித்துக் குறை சொல்லவே மாதங்கள் ஆகும். மூன்று நாளில் வேகிறது கட்டுரையில்லை, நூடுல்ஸ். 2013இல் ஜான் போஹனன் என்ற பத்திரிகையாளர் வேண்டுமென்றே ஓட்டை உடைசலாக ஒரு போலிக் கட்டுரை எழுதி 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. 'சயன்ஸ்' இதழில் இந்தக் கதையை எழுதியபோது பலருக்கு முகம் வெளிறியது. ஹைதராபாத்திலிருந்து நடந்த ஒரு பெரிய வெளியீட்டு நிறுவனத்துக்கு எதிராக 2019இல் அமெரிக்க நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொன்னது.

இவர்களுக்குக் 'கொள்ளை இதழ்கள்' என்று பெயர் வைத்தவர் யார் தெரியுமா? கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி பீல். வேலை, நூலகர். அவர் போட்ட பட்டியல் 2017இல் இணையத்திலிருந்து நீக்கப்பட்டது. நம் யு.ஜி.சி. வைத்திருந்த 'கேர்' பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டது. இனிப் பட்டியலைக் காட்டித் தப்பிக்க முடியாது, நாமே பார்க்க வேண்டும். ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் நிஜ ஆட்களா, தாங்கள் அதில் இருப்பது அவர்களுக்குத் தெரியுமா, உங்கள் துறையில் நீங்கள் மதிப்பவர்கள் அந்த இதழில் எழுதுகிறார்களா? இந்த மூன்றையும் நூலகர் மேசையில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

என் மகன் விஞ்ஞானி. பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அண்ணன், 'மாப்பிள்ளைக்கு ஹெச்-இண்டெக்ஸ் எத்தனை?' என்று கேட்டுவிட்டார். சுகர் மாதிரி ஏதாவது வியாதியா?
— ஓர் அம்மா, லிங்கவாடி

பயப்படாதீர்கள் அம்மா, வியாதி இல்லை. தொற்றும், அவ்வளவுதான். 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொடுத்த கணக்கு. ஒருவருடைய ஹெச்-இண்டெக்ஸ் 5 என்றால், அவர் எழுதியதில் 5 கட்டுரைகளையாவது மற்றவர்கள் தலா 5 தடவைக்குக் குறையாமல் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பொருள். ஏறும், இறங்காது. ஆள் ஓய்வுபெற்று ஊஞ்சலில் ஆடினாலும் இறங்காது. துறைக்குத் துறை மாறும், கணிதக்காரருக்கு 10 என்பது மருத்துவக்காரருக்கு 10 போல ஆகாது.

பெண் வீட்டில் சொல்லுங்கள்: எண் சின்னதுதான், பையன் சமைப்பான் என்று. அந்த இண்டெக்ஸ் தினமும் உதவும்.

'சை-ஹப்' பற்றி உங்கள் கருத்து?
— பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம்

பெயரையும் ஊரையும் மறைத்ததிலேயே பாதிப் பதில் இருக்கிறது. கட்டணக் கட்டுரைகளை இலவசமாகத் திறந்துவிடும் தளம் அது, கஜகஸ்தானைச் சேர்ந்த அலெக்ஸாண்ட்ரா எல்பாக்கியன் 2011இல் தொடங்கியது. கட்டணச் சுவருக்கு வெளியே நின்ற ஏழை நாட்டு மாணவர்களுக்கு அது ஓட்டை வழியாகச் சோறு போட்டது என்பதும் உண்மை, பதிப்புரிமைச் சட்டத்துக்கு விரோதம் என்பதும் உண்மை. மூன்று வெளியீட்டு நிறுவனங்கள் 2020 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2025 ஆகஸ்டில் தளத்தை முடக்க உத்தரவு வந்தது. அரசு நிறுவனத்தில் இருக்கிறவர்களுக்கு முன்வாசல் இப்போது திறந்திருக்கிறது. சுவர் ஏறிப் பழகிய கால்தான் வாசலை மறந்துவிடுகிறது.

கரந்தமலையில் செடி கொடிகளைக் கணக்கெடுக்கிறேன். பழைய தாவர நூல்கள் எங்கள் நூலகத்தில் இல்லை.
— தாவரவியல் ஆய்வாளர், நத்தம்

உங்களுக்கு வேண்டிய முதல் நூல் காம்பிள் தொடங்கிய 'சென்னை மாகாணத் தாவரங்கள்'. 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வந்தது. நடுவில் காம்பிள் இறந்துபோக, ஃபிஷர் முடித்துவைத்தார். ஹூக்கரின் 'பிரிட்டிஷ் இந்தியாவின் தாவரங்கள்' அதற்கு மூத்தது. இரண்டும் 'பல்லுயிர் மரபு நூலகம்' என்ற இணையக் களஞ்சியத்தில் பக்கம் பக்கமாக இலவசம்.

நூலோடு நிறுத்தாதீர்கள். திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராப்பினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. பாதிரியார் கே.எம். மேத்யூ உருவாக்கியது. காய்ந்த செடிகளின் நூலகம் அது. புத்தகத்தில் படித்த இலையை அங்கே கண்ணால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். முன்கூட்டியே கடிதம் எழுதிவிட்டுப் போங்கள்.

மூன்று வருடத் தரவு முழுவதும் ஒரே பென்டிரைவில் இருந்தது. பேன்ட்டோடு துவைத்துவிட்டார்கள்.
— ஆய்வு மாணவர், வத்திப்பட்டி

தரவு சுத்தமாகியிருக்குமே!

வருத்தம்தான் தம்பி. நம் மாவட்டத்துக் கொடைக்கானலுக்கு ஒரு முறை போய்வாருங்கள். 1899இல் தொடங்கிய சூரிய ஆய்வகம் அது. எவர்ஷெட் அங்கேதான் 1909இல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்தார். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படம்பிடித்துக் கண்ணாடித் தகடுகளாகவும் ஃபிலிம்களாகவும் தேதி போட்டுக் காத்து வந்தார்கள். இப்போது அவை மின்படிவமாக்கப்பட்டு, வெளிநாட்டு ஆய்வாளர்களும் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். படம் எடுத்தவர்களின் கொள்ளுப்பேரர்கள் காலத்தில் புதுக் கட்டுரைகள் பிறக்கின்றன. கண்ணாடியையே நூறு வருடம் உடையாமல் காத்த மாவட்டம் இது.

விதி எளிது: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒரு பிரதி வேறு ஊரில். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது 'புதுசு', 'கடைசி', 'நிஜமாகவே கடைசி' என்று வைக்காமல் தேதியை வையுங்கள்.

பக்கத்தில் போய்ப் படிக்க நல்ல நூலகம் சொல்லுங்கள்.
— பி.எட். மாணவி, நத்தம்

மதுரைக்குப் போகும் புது நத்தம் சாலையிலேயே கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலை 15 முதல் இருக்கிறது. சாலைக்குப் பெயர் கொடுத்த ஊர்க்காரர்கள் இன்னும் உள்ளே போகாமல் இருந்தால் எப்படி? ஆய்வுக்கென்றால் காந்திகிராம கிராமிய நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் ஜி. ராமச்சந்திரன் பெயரிலும், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அதன் முதல் துணைவேந்தர் தெ.பொ.மீ. பெயரிலும் நூலகங்கள் உண்டு. வெளியாட்களுக்கு என்ன விதி என்று கேட்டுக்கொண்டு, உங்கள் கல்லூரிக் கடிதத்தோடு போங்கள்.

அறிவியல் படிக்கத் தமிழில் ஏதாவது இலவசமாகக் கிடைக்குமா?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நத்தம்

பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து உருவாக்கிய கலைக்களஞ்சியம், பத்துத் தொகுதி, முதல் தொகுதி 1954இல். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இருக்கிறது. தகவல் பழசாகியிருக்கலாம், கலைச்சொல் பழசாகவில்லை. பேரப்பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.

நூலகம் போனால் ராமானுஜன் ஆகிவிடலாமா?
— பிளஸ் டூ மாணவர், கோபால்பட்டி

ஆக முடியாது. ஆனால் ராமானுஜன் ராமானுஜன் ஆனதில் ஒரு நூலகப் புத்தகத்துக்குப் பங்கு உண்டு. கும்பகோணம் அரசுக் கல்லூரி நூலகத்திலிருந்து நண்பர் ஒருவர் எடுத்துக் கொடுத்த, கார் என்பவர் தொகுத்த கணிதச் சுருக்கம் அது. தேற்றங்களை வரிசையாக அடுக்கி, நிரூபணத்தைப் பெரும்பாலும் விட்டுவிட்ட பரீட்சைக் கையேடு. ஆயிரம் பேர் பாஸ் பண்ணப் படித்தார்கள், ஒருவர் மட்டும் விட்டுப்போன நிரூபணங்களைத் தாமே போட உட்கார்ந்தார். அந்த ஒருவர் எந்த பெஞ்சில் இருப்பார் என்று தெரியாததால்தான் நூலகங்கள் எல்லோருக்கும் புத்தகம் கொடுக்கின்றன.

எல்லாம் சரி. நூலகரிடம் போய் 'எனக்குத் தேடத் தெரியவில்லை' என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறதே?
— ஆய்வு மாணவி, சாணார்பட்டி

இந்தக் கேள்விக்காகத்தான் மற்ற எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதினேன் அம்மா.

எங்கள் காலத்தில் தேடுகிற இதழ் நூலகத்தில் இருக்காது. ஒரு கட்டுரையின் நகலுக்குத் தில்லிக்கு எழுதிப்போட்டுவிட்டு, தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காத்திருப்போம். பணம்தான் தடை, தூரம்தான் தடை. அந்த இரண்டும் இப்போது பெரிதும் விலகிவிட்டன. மிச்சம் இருக்கிற தடை கூச்சம் ஒன்றுதான். அதற்கு 6,000 கோடி ஒதுக்கியும் பயனில்லை.

முப்பது வருடத்தில் என் மேசைக்கு வந்து 'தெரியவில்லை' என்று சொன்ன எவரையும் நான் மட்டமாக நினைத்ததில்லை. மேசைப் பக்கமே வராதவர்களை நினைத்துத்தான் இன்னும் கவலைப்படுகிறேன். நூலகரின் வேலை ரங்கநாதனின் நான்காவது விதியிலேயே இருக்கிறது: வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. நீங்கள் கேட்காவிட்டால் அவர் எதை மிச்சப்படுத்துவார்?

வருகிற திங்கட்கிழமை உங்கள் ஆய்வுத் தலைப்பை ஒரு தாளில் எழுதிக்கொண்டு நூலகர் முன்னால் போய் நில்லுங்கள். நூலகத்துக்கு மதியம் ஒரு மணிக்குப் போகாதீர்கள், அவரும் சாப்பிட வேண்டும்.